பதினான்காம் எண்ணின் குரல்

குரலுக்கு அடையாளம் கிடையாது என்று நினைக்கிற மனிதர் எப்படிப் பேராசிரியர் ஆனார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆறு மொழிகளில் மக்கள் மேலதிகாரியிடம் எப்படி மறுப்புச் சொல்கிறார்கள் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அதில் தமிழுக்குப் பொறுப்பு, அவருடைய மாணவியான நான். மூன்று மாதம் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் ஈரத்துணி மூட்டைகளுக்கு நடுவே ரெக்கார்டரோடு உட்கார்ந்து, இருபது பேரின் பேச்சைப் பதிவு செய்தேன். பெயர் கிடையாது, ஆளுக்கு ஓர் எண்.

பதினான்காம் எண் படுக்கை விரிப்புகளை மடிக்கும் அக்கா. பேர் வெளியே வராதில்லையா என்று மூன்று தடவை கேட்டார். சத்தியமாக வராது என்று சொல்லி, ஒப்புதல் படிவத்தையும் படித்துக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடவே இல்லை.

ஆராய்ச்சி முடிவுகளைப் பேராசிரியர் அரங்கம் நிறைந்த கூட்டத்தில் அறிவித்தார். தமிழர்கள் மறுப்பைத் தள்ளிப்போடுகிறார்கள் என்று திரையில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். அதோடு விட்டிருக்கலாம். உதாரணத்துக்கு என்று அக்காவின் பதிவை ஓடவிட்டார்.

“அந்த இஞ்சி தின்ன குரங்கு ரெண்டு ஷிப்ட் பாருன்னு சொன்னா, சரிங்கன்னு தலையாட்டிடுவேன். காலைல வயித்துவலின்னு போன் போட்டுடுவேன். மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்ல, வேலை என்ன எங்கப்பன் வீட்டுச் சொத்தா?”

திரையில் ஓடிய மொழிபெயர்ப்பைப் படித்து அரங்கமே சிரித்தது. மூன்றாவது வரிசையில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. பதிவுக்கு அனுமதி கொடுத்தவர் என்ற மரியாதைக்காக அழைத்திருந்த சலவைக்கூட மேற்பார்வையாளர். அவருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மறுநாளே அக்காவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அந்த வீட்டில் சம்பளம் என்று வருவது அவருடையது ஒன்றுதான்.

பேராசிரியரின் அறைக்குப் போய்க் கேட்டேன். பெயரைச் சொல்லவே இல்லையே, எண்ணைத்தானே போட்டேன் என்றார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? பன்னிரண்டு வருடம் ஒரே கூடத்தில் வேலை வாங்கியவனுக்கு அந்தக் குரல் தெரியாதா? கத்தியே கேட்டேன். கட்டுரை அச்சானதும் வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் எழுதலாம் என்றார். எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது.

ஆஸ்பத்திரிக்கு நானே கடிதம் எழுதினேன். பதிவில் இருப்பது அக்கா சொந்தமாகப் பேசியதல்ல, நான் எழுதிக் கொடுத்துப் பேசச் சொன்னது என்று எழுதினேன். பச்சைப் பொய். பதிவை ஜோடித்தேன் என்று ஒப்புக்கொள்கிறவளுக்கு ஆராய்ச்சியில் மன்னிப்பு கிடையாது. தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன், நகலைப் பேராசிரியருக்கும் அனுப்பினேன். அவர் தமிழையும் என்னையும் சேர்த்தே நீக்கினார். ஆறு மொழி ஐந்தானது. என் பட்டம் போயிற்று.

கடிதம் போன நான்காம் நாள் அக்காவைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஷிப்ட் முடியும் நேரத்துக்குப் போய் வாசலில் நின்றேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன், அதை மறைப்பானேன்?

அக்காவின் முகம் சரியில்லை. எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து மேற்பார்வையாளர் என் கடிதத்தை உரக்கப் படித்தாராம். இவளுக்கு ஏது இவ்வளவு வாய், எவளோ எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்று அப்போதே நினைத்தேன் என்றாராம். அக்காவை ஆமாம் என்று சொல்ல வைத்த பிறகுதான் உள்ளே விட்டிருக்கிறார்.

“வேலை உன்னாலதான் திரும்பக் கிடைச்சுது. இல்லைங்கல,” என்றார் அக்கா. “ஆனா இத்தனை வருஷத்துல நான் வாய்விட்டுப் பேசினது அது ஒண்ணுதான். அதையும் உன்னோடதுன்னு எழுதிட்டியே தங்கச்சி.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பட்டத்தைத் தொலைத்தவள் நான். திருப்பிக் கேட்க வாயைத் திறந்தேன். சரிங்கக்கா என்று தலையாட்டத்தான் முடிந்தது.