ஈரம் காயாத மேஸ்திரி

படகு எஞ்சின் மெக்கானிக் வீட்டு நாய் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நனைந்தது. அதன் பிறகு சாகும்வரை காயவே இல்லை. ஐஸ் ஃபாக்டரிக்குப் பின்னால் கடலைப் பார்த்து இறங்கும் அந்தத் தெருவில் இது ஒரு செய்தியே அல்ல. வழி கேட்பவர்களுக்கு "ஈர நாய் வீட்டுக்கு அடுத்த வீடு" என்றுதான் அடையாளம் சொல்வார்கள்.

நாயின் பெயர் மேஸ்திரி. யார் எந்த வேலையைத் தொடங்கினாலும் எதிரில் போய் உட்கார்ந்துகொண்டு, முடியும்வரை மேற்பார்வை பார்க்கும். அந்தப் பெயரை வைத்தவள் மெக்கானிக்கின் ஒரே மகள், சின்னப் பெண். அவளுக்குத் தெரு வைத்த பெயர் வாயாடி. தூக்கத்தில்கூட யாரையாவது கேள்வி கேட்டுக்கொண்டிருப்பாள்.

அந்த வார இறுதியில் வீடு சந்தைக்கடையாக இருந்தது. மெக்கானிக் மனைவியின் அக்கா, கணவரையும் மகன்களையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை காலையிலேயே காரில் வந்து இறங்கிவிட்டாள். திங்கட்கிழமை கடலுக்குப் போகவேண்டிய படகுகளின் எஞ்சின்கள் வீட்டையொட்டிய பட்டறையில் பிரித்துப் போட்டபடி கிடந்தன. மொட்டைமாடித் தொட்டி ஒழுகியது. பையன்கள் கடலுக்குப் போய்வந்து வீடெங்கும் மணலைக் கொட்டினார்கள். சமையல் முடிந்தால் துணி துவைப்பு, துவைப்பு முடிந்தால் சமையல். வாயாடி ஒவ்வொருவர் பின்னாலும் ஓடினாள்; ஒவ்வொருவரும் அவளை அடுத்தவரிடம் அனுப்பினார்கள். "அப்பாகிட்ட கேளு போ." "பெரியம்மா மடிச்சு வச்ச துணியெல்லாம் கலையுது பாரு, அம்மாகிட்ட ஓடு." "பெரியப்பா கார் கழுவறாரு, போய் வேடிக்கை பாரு."

ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்து பையன்கள் உறங்கிவிட்டார்கள். மெக்கானிக்கின் மனைவி வீடு முழுக்கத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது, என்றும் இல்லாத திருநாளாக வீடு அமைதியாக இருந்தது. அப்பாடா என்று நினைத்தாள். அந்த நினைப்பை அவள் பிற்பாடு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தாள்.

வாயாடியைக் காணவில்லை என்று தெரிந்தபோது எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். "உங்கிட்ட இருக்கான்னு நெனச்சேன்." மெக்கானிக் மனைவியிடம் சொன்னார், மனைவி அக்காவிடம் சொன்னாள், அக்கா தன் கணவரிடம் சொன்னாள். அவர் கையில் தண்ணீர்க் குழாயோடு நின்றுகொண்டு, சொல்வதற்கு ஆள் இல்லாமல் நாயைப் பார்த்தார். நாய் சொட்டச்சொட்ட நனைந்திருந்தது. கார் கழுவிய தண்ணீர் பட்டிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். படகுக்காரர்கள் இருட்டும்வரை தேடினார்கள், மறுநாளும் தேடினார்கள். கடல் அவளைத் திருப்பித் தரவில்லை.

நாய் காயவில்லை என்பதை வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. கவனிக்கும் நிலையில் இல்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரர்தான் முதலில் சொன்னார். துண்டால் துவட்டிப் பார்த்தார்கள். வெயிலில் கட்டினார்கள். மாட்டு டாக்டர் கொடுத்த பவுடர் கூழாகி ஒழுகியது. முடிவெட்டுபவர் மழித்துவிட்டார், தோலிலிருந்து ஊறியது. தையல்காரர் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "கடல் தண்ணிதான்" என்றார். அதோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது. கடல் ஏறும் நேரத்தில் நாய் அதிகம் சொட்டும், வற்றும் நேரத்தில் குறையும். சில வருடங்களில் படகுக்காரர்கள் கரைக்குப் போகும்முன் மெக்கானிக் வீட்டு வாசலை எட்டிப் பார்த்துவிட்டுப் போகப் பழகினார்கள். அது படுத்த இடத்தில் புல் முளைக்கவில்லை. மெக்கானிக்கின் ஸ்பேனர்கள் துருவேறி, பிடித்தால் கையோடு உதிர்ந்தன. வேலை குறைந்தது. அக்கா குடும்பம் வருவதை நிறுத்தியது.

மெக்கானிக்கின் மனைவி நாயைத் தொடமாட்டாள். அது போன தடமெல்லாம் துடைத்துக்கொண்டே இருந்தாள். அதுவும் ஓர் இடத்தில் இருக்காமல் அவள் பின்னாலேயே நடந்து, அவள் துடைப்பதை மேற்பார்வை பார்த்தது. ஒருநாள், "இத எங்கயாவது கொண்டுபோய் விட்டுட்டு வாங்க" என்றாள். மெக்கானிக் மீன் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், கடல் வாடையே அடிக்காத ஓர் ஊரில் இறக்கிவிட்டு வந்தார். மழைக்காலம் முடிவதற்குள் அது எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்து, கதவருகே ஒரு தண்ணீர்க் குட்டையாக நின்றது.

அவள் கதவைத் திறக்கவில்லை. மெக்கானிக்குக்குப் பொறுக்கவில்லை. "வாயில்லா ஜீவன், அது உன்னை என்ன பண்ணுச்சு?"

"அது வந்துச்சுங்க," என்றாள் அவள். "அன்னிக்கு வந்துச்சு. நனைஞ்சு வந்து என் துணியைக் கடிச்சு இழுத்துச்சு. இப்பத்தானே துடைச்சேன், சனியனேன்னு மாப்புக் கட்டையால அடிச்சு வெளிய தள்ளிக் கதவைச் சாத்திட்டேன்."

மெக்கானிக் கந்தைத் துணியை எடுத்தார். கைவிரல்களில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார்; அவற்றில் துடைக்க எதுவும் மிச்சமில்லை.

"பட்டறைக்கும் வந்துச்சு," என்றார் கடைசியில். "கொரைச்சுது. எஞ்சின் சத்தத்துல எனக்குக் கேக்கல."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"கேட்டுச்சு," என்றார்.

அதற்குப் பிறகு அவர்கள் ஒருவரையொருவர் குற்றம் சொல்லவில்லை, ஆறுதலும் சொல்லிக்கொள்ளவில்லை. அவள் எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். நாய் உள்ளே வந்து அடுக்களையில் படுத்தது. அன்றோடு அவள் துடைப்பதை விட்டாள். வீட்டுத் தரை எப்போதும் கணுக்கால் நனையும் அளவு ஈரமாக இருந்தது. கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்தார்கள். கீழ்த்தட்டில் இருந்த சாமான்களை மேல்தட்டுக்கு மாற்றினார்கள். வாயாடியின் செருப்பு உட்பட. வருகிறவர்கள் உடையை மடித்துப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, பேசவேண்டியதைப் பேசிவிட்டுப் போனார்கள். அந்த வீட்டில் இன்னொரு குழந்தை பிறக்கவில்லை.

நாய்க்கு வயதாகி, பார்வை போய், பின்னங்கால்கள் விழுந்தன. அவள் அதைக் குழந்தையைப்போல் தூக்கி வெளியே கொண்டுபோய், திரும்பத் தூக்கி வந்தாள். ஒரு காலை அவள் மடியிலேயே தலை சாய்த்தது. வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தார்கள். தோண்டிய மண் அன்று சாயங்காலமே உலர்ந்து வெளுத்துவிட்டது. வீட்டுத் தரையும் பல வருடங்களுக்குப் பிறகு முதல்முறையாகக் காய்ந்தது. மெக்கானிக் வெறுங்காலால் அதில் நடந்து பார்த்தார். ஒருவேளை முடிந்துவிட்டதோ என்று நினைத்தார்.

மறுநாள் அவள் தலைக்குக் குளித்தாள். மதியம் ஆயிற்று; முடி காயவில்லை. மூன்றாம் நாளும் நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மெக்கானிக் ஒரு துளியை விரலில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "டாக்டர்கிட்டப் போலாமா?" என்று கேட்டார்.

"எதுக்குங்க?" என்றாள் அவள்.

தெருமுனைக் கடைக்காரர், அவள் வந்தால் உட்காரும் ஸ்டூலுக்குப் பின்னால் ஒரு சாக்கை விரித்து வைத்தார். தையல்காரர் தோளில் போட்டுக்கொள்ள ரெக்ஸின் துணியில் ஒன்று தைத்துக் கொடுத்தார். இரவு படுக்குமுன் மெக்கானிக் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, முடியை இரண்டு கையாலும் அள்ளிப் பிழிந்துவிடுவார். கடல் ஏறும் நாட்களில் ஒரு வாளி நிறையும். அவர் அதை எடுத்துக்கொண்டுபோய்ச் சரிவில் இறங்கிக் கடலில் ஊற்றிவிட்டு வந்து விளக்கை அணைப்பார்.