அல்லி சாப்பிடும் வேளை

மேல்சித்தாமூரில் தேவகுமாரி அம்மாள் வீட்டுக் கிணற்றில் மோட்டாரை மாட்டிவிட்டு நிமிர்ந்தபோது என் பையின் மேல் ஒரு பூனை படுத்திருந்தது. உள்ளே ஸ்பேனர்கள் இருந்தன. குத்தும் என்ற கவலை அதற்கு இல்லை. வெள்ளைப் பூனை, இடது காது மட்டும் சாம்பல் நிறம். செஞ்சியில் கடை திறக்காமல் கிடந்தது. செம்புக் கம்பியில் காயில் சுற்ற வேண்டிய மோட்டார்கள் மூன்று காத்திருந்தன. இருந்தும் அதை எழுப்ப மனம் வராமல் கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

அம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தார். அவரும் கணவரும் வருகிற திங்கட்கிழமை பெங்களூரில் மகன் வீட்டோடு இருக்கப் போகிறார்களாம். மருமகளுக்கு ஆஸ்துமா, பூனை முடி ஆகாது. இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் பூனையைப் பார்த்தார். அதன் பெயர் அல்லி. வந்தவாசியில் இருக்கும் தங்கை வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், ஆனால் அந்த வீட்டில் இரண்டு நாய்கள்.

"எனக்குக் குடுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது நான் என்று தெரிந்தது. யாரிடமும் எதையும் அப்படிக் கேட்டுப் பழக்கமில்லை எனக்கு.

"எலி பிடிக்கவா தம்பி?"

அவர்கள் சமணர்கள். எறும்பு ஊர்ந்தால் நின்று வழிவிடும் வீடு. கேள்வி எங்கிருந்து வருகிறது என்று புரிந்தது. கொஞ்ச நேரம் யோசித்தேன். 

"கடையில எலி இருக்குதுங்க. ஆனா அதுக்காகக் கேக்கல."

"அப்புறம் எதுக்கு?"

"சும்மாதாங்க."

அவர் சிரித்தார். "சும்மா கேக்கறவங்களுக்குத்தான் குடுக்கணும்" என்றார்.

அதன் பிறகு என் வீட்டைப் பற்றி விசாரித்தார். முன்னால் கடை, பின்னால் வீடு, நானும் என் மனைவி ஷோபனாவும் மட்டும், நாய் கிடையாது என்று சொன்னேன். பூனைக்குச் சாப்பாடு என்ன என்று நான் கேட்டதற்கு, "எங்க வீட்டுல தயிர்சாதம். உங்க வீட்டுல நீங்க சாப்பிடறதக் குடுங்க. அது ஜைனர் இல்ல தம்பி, பூனை" என்றார். கடைசியாக ஒன்று சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக்குள் அல்லி எங்கள் வீட்டில் ஒட்டிக்கொள்ளாவிட்டால் அவரே வந்து எடுத்துப் போய்விடுவார். பட்டினி கிடக்கிறது என்று தெரிந்தால் அவரால் பெங்களூரில் ஒரு வாய் சாப்பிட முடியாது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை போய் வாங்கி வந்தேன். கோணிப்பையில் போட்டுக் கட்டி எடுத்துப் போனால்தான் வழி தெரியாது, திரும்பி வராது என்று அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அம்மாள் கேட்கவில்லை. ஒயர் கூடையில் தன் பழைய நூல் சேலையை விரித்து அல்லியை உட்கார வைத்தார். "வழி தெரிஞ்சே போகட்டும்" என்றார். என் மொபெட் கிளம்பியதும் அவர் உள்ளே போய்விட்டார்.

ஷோபனா வீட்டில் ரவிக்கை தைக்கிறவள். கூடையைத் திறந்ததும் மிஷினை விட்டு எழுந்து வந்து தரையில் உட்கார்ந்தாள். அல்லி அவளை ஒருமுறை பார்த்தது, என்னை ஒருமுறை பார்த்தது, பிறகு அலமாரியில் ஏறிப் பரணுக்குப் போய் பழைய சூட்கேஸ்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

அன்று இரவு ஒன்பது மணிக்கு, நாங்கள் சாப்பிடும் நேரத்தில், தயிர்சாதம் பிசைந்து பரணுக்குக் கீழே வைத்தோம். வரவில்லை. மறுநாள் நெத்திலி வறுத்து வைத்தோம். அதற்கும் மறுநாள் ஷோபனா நாற்காலி போட்டு ஏறி நின்று, தாயே, கண்ணே, ராசாத்தி என்று அரை மணி நேரம் கெஞ்சினாள். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் என்னை ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. காலையில் கொஞ்சம் பாலை மட்டும் நக்கிவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளும். பகல் முழுக்க கடையில் காயில் சுற்றும் என் மிஷின், வீட்டில் அவள் தையல் மிஷின். அது இறங்குவதாக இல்லை.

சிங்கவரத்துச் செல்லப்பன் தன் மோட்டாருக்காகத் தினமும் வந்து போய்க்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அமாவாசைக்கு இன்னும் பத்து நாள் இருக்குதே பார்த்திபா, இப்பவே இன்னா விரதம்?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தேவகுமாரி அம்மாள் தினமும் சாயங்காலம் போன் செய்தார். செவ்வாய், புதன் இரண்டு நாளும் சாப்பிட்டது என்று சொன்னேன். பொய் சொல்லும்போது பரண் பக்கம் திரும்பாமல் இருக்கப் பழகிக்கொண்டேன். வியாழக்கிழமை போனை ஷோபனா எடுத்தாள். அவளுக்குப் பொய் வராது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அம்மாள் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் இன்னொரு ஒயர் கூடை, காலியாக. அதைப் பார்த்ததும் எழுந்தேன். மிஷினை நிறுத்தினேன். உள்ளே ஷோபனாவும் நிறுத்தினாள். பொய் சொன்னதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

டீ வேண்டாம் என்றார். தண்ணீர் மட்டும் குடித்தார். கடை வாசலுக்குப் போய் மேற்கே பார்த்துவிட்டு வந்தார். சூரியன் ராஜகிரி மலைமேல் வந்துவிட்டிருந்தது.

"உங்க ஊர்ல சூரியனுக்கு ரொம்ப அவசரம். மலைக்குப் பின்னால போய் ஒளிஞ்சிக்குது" என்றார். "நான் ஊர் போய்ச் சேர இருட்டிடும். இங்கியே ரெண்டு வாய் சாப்பிட்டுக்கறேன், தப்பா எடுத்துக்காதம்மா."

பையிலிருந்து ஒரு சின்ன டிபன் பாக்ஸை எடுத்துத் தரையில் உட்கார்ந்தார். தயிர்சாதமும் மாவடுவும். சாப்பிடத் தொடங்கியதும் அவர் பேசவில்லை. அவர் பேசாததால் நாங்களும் பேசவில்லை. தெருவில் ஒரு டிராக்டர் போனது. பிறகு அதுவும் இல்லை.

பரணில் சூட்கேஸ் லேசாக அசைந்தது. அலமாரி மேல் ஒரு கால், பிறகு தையல் மிஷின் மேல் ஒரு கால், பிறகு தரை. அல்லி நேராக வந்து அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தது. அவர் டிபன் பாக்ஸ் மூடியில் இரண்டு கவளம் வைத்தார். அவரும் அதுவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல், தினமும் சேர்ந்து சாப்பிடுகிறவர்கள் போலச் சாப்பிட்டு முடித்தார்கள்.

கை கழுவிய பிறகு அவர் கேட்டார்: "நீங்க எத்தினி மணிக்கு சோறு வெக்கிறீங்க?"

"ஒம்பதுங்க" என்றாள் ஷோபனா.

அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவது அவர்கள் வீட்டுப் பழக்கம். இருட்டிய பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் கிடையாது. பிறந்த நாளிலிருந்து அப்படியே இருப்பதால் அது ஒரு பழக்கம் என்றே அவருக்குத் தோன்றியதில்லை. அதனால் என்னிடம் சொல்லவும் தோன்றவில்லை. ஆறு வருடமாக அந்த வீட்டில் சாப்பிட்ட பூனைக்கும் அதுதான் சாப்பாட்டு நேரம்.

ஆனாலும் அவர் கண் காலிக் கூடைமேல் இருந்தது. "என்னால வந்துச்சா, பொழுதால வந்துச்சான்னு எனக்குத் தெரியலியே" என்றார்.

எங்களுக்கும் தெரியவில்லை. இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்று ஷோபனா கேட்டுக்கொண்டாள். அல்லியின் காதைத் தடவிவிட்டு, கூடையைக் காலியாகவே எடுத்துக்கொண்டு அவர் பஸ் ஏறினார்.

சனிக்கிழமை ஐந்தேகாலுக்கே தட்டுகளை வைத்து உட்கார்ந்தோம். அந்த வேளையில் சாப்பிட்டுப் பழகாததால் பசியே இல்லை. "வருதா பாருங்க, எட்டிப் பாக்குதா, தலை தெரியுதா" என்று ஷோபனா கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். அல்லி எட்டிப் பார்த்தது. எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. மலைக்குப் பின்னால் வெளிச்சம் போயிற்று. ஷோபனா தட்டை எடுக்கும்போது அவள் கண்கள் நிறைந்திருந்தன.

"பேசக் கூடாது போல" என்றேன் நான். அதைப் பற்றி அம்மாள் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவர் சாப்பிட்ட விதம் என் மனதிலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வீட்டுக்குள் வரும் நடுக்கதவைத் திறந்துவைத்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம். எங்களுக்குக் கருவாட்டுக் குழம்பு. பரணுக்குக் கீழே ஒரு தட்டில் ஒரு பக்கம் தயிர்சாதம், இன்னொரு பக்கம் முள் எடுத்த கருவாடு. பேசவில்லை. சோறு மெல்லும் சத்தம் இவ்வளவு இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. எதிரே ஷோபனா. பேச்சை அடக்கி அடக்கி அவள் முகம் சிவந்திருந்தது. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு முட்டியது. அவளுக்கும் முட்டியது. இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டோம்.

அந்த நேரம் பார்த்து ஷட்டருக்குக் கீழே குனிந்து செல்லப்பன் உள்ளே வந்தார். வாயைத் திறப்பதற்குள் நான் விரலை உதட்டில் வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், ஷோபனாவைப் பார்த்தார், பரணைப் பார்த்தார். மோட்டாரைப் பற்றிக் கேட்க வந்த மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் சுவரோரம் உட்கார்ந்தார். ஷோபனா அவருக்கும் ஒரு தட்டு வைத்தாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஷட்டருக்குக் கீழே வந்த வெயில் சிவந்து, நீண்டு, என் முழங்கால்வரை வந்தது. அலமாரியில் ஒரு கால் தெரிந்தது. பிறகு மிஷின் மேல். பிறகு தரையில். அல்லி எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் நடந்து போய்த் தட்டின் முன்னால் உட்கார்ந்தது. முதலில் தயிர்சாதம். அதை முடித்துவிட்டுக் கருவாட்டை முகர்ந்தது. யோசித்தது. பிறகு அதையும் சாப்பிட்டது.

ஷோபனா இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, நான் என்ன செய்கிறேன் என்று.

போன் அதிர்ந்தது. தேவகுமாரி அம்மாள். எடுத்துக் காதில் வைத்தேன்.

"சாப்பிடுதா?" என்றார். குரல் மிகவும் சின்னதாக இருந்தது.

"சாப்பிடுதுங்க." இந்த முறை அல்லியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"இன்னா சாப்பிடுது?"

தயிர்சாதம் என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். "தயிர்சாதம். அப்புறம் கருவாடுங்க."

 அல்லி தட்டைத் துடைத்து நக்கும் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும்.

"சாப்பிடறப்ப பேசக் கூடாது தம்பி" என்றார். "போனை வைங்க."

வைத்தேன். செல்லப்பன் தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் குழம்பு என்று சைகையில் கேட்டார்.