பரிமளாவின் முழங்கால்

இருதயநாதன் பெரம்பலூரில் ஒரு கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பத்தொன்பது வருடங்களாகப் பயிற்சியாளர். பதினான்கு கோப்பைகள் வாங்கித் தந்தவர். இன்று அவர் ஆண்டிமடத்துக்கு பஸ் ஏறி வந்தது சத்யாவைச் சேர்ப்பதற்காக. பன்னிரண்டாவது முடித்த பெண். ஆறடிக்கு ஓர் அங்குலம்தான் குறை.

அவளுடைய அக்கா பரிமளா, அவருடைய பழைய கேப்டன், வாசலில் உட்கார்ந்து முந்திரி உடைத்துக்கொண்டிருந்தாள். வலது காலை நீட்டியிருந்தாள்.

"வாங்க சார். எந்திரிக்கலன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. முட்டி மடங்காது."

நான்கு வருடங்களுக்கு முன், இறுதி ஆட்டத்தின் நடுவில், வலிக்கிறது என்று அவள் சொன்னாள். அவர் ஸ்ப்ரே அடித்து, இறுகக் கட்டி, மறுபடி உள்ளே அனுப்பினார். இரண்டு புள்ளியில் ஜெயித்தார்கள்.

"தங்கச்சிக்கு ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசம்மா," என்று சேர்க்கைப் படிவத்தை நீட்டினார்.

"தெரியும் சார். நானும் தின்ன சோறுதானே." சிரித்தாள். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவ வலிக்குதுன்னா வெளிய எடுத்துடுவீங்களா?"

"சத்தியமா எடுத்துடுவேன்மா."

முன்பு பரிமளாவைச் சேர்க்க வந்தபோது அவளுடைய அப்பா கேட்டதற்கும் இதே குரலில்தான் சொல்லியிருந்தார். அவளுக்கு அது நினைவிருந்தது. கையிலிருந்த முந்திரியை உடைத்துக் குவியலில் போட்டாள்.

"இங்க இருந்தாலும் இதத்தான் உடைக்கப் போறா," என்றாள். பிறகு உள்ளே பார்த்து, "சத்யா, பேனா எடுத்துட்டு வாடி!"

சத்யா பேனாவோடு ஓடிவந்து, முந்திரிக் குவியலை ஒரே தாவலில் தாண்டினாள். இருதயநாதனின் கண் அந்தத் தாவலின் உயரத்தை அளந்துவிட்டது.