எர்மினியாவின் மேல் பெய்த மழை

கிறிஸ்புலோவை இலோய்லோ கல்லறையில் அடக்கம் செய்த பிற்பகலிலிருந்து அவன் மனைவி எர்மினியாவின் மேல் மட்டும் தனியாக ஒரு மழை பெய்தது. ஜூலை மாதம் ஊரே நனைந்துகொண்டிருந்ததால் முதலில் யாரும் கவனிக்கவில்லை. வீடிருக்கும் கிமாராஸ் தீவுக்குப் போக இலோய்லோ படகுத்துறையின் தகரக் கூரைக்கு அடியில் வந்து நின்ற பிறகும் அது ஒரு முறம் அகலத்துக்கு அவள் தலையில் பெய்தது. கூடவே வதக்கிய பூண்டு வாசனை. கிறிஸ்புலோ முப்பது வருடம் தீவுக் கப்பல்களில் சமையல்காரனாக இருந்தவன். படகுக்காரனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“மனாங், அக்கா, கல்லறையிலேருந்து நேரா இங்க வந்துட்டீங்களா? வழியில எங்கயும் ஒதுங்கலையா?”

“மகளுக்கு மாசம் நெருங்குதுப்பா. வீட்டுக்குப் போகணும்.”

“அதான் அவரும் கூடவே வர்றாரு. வயித்துப் பிள்ளைக்காரி இருக்குற வீட்டுக்கு இவரை நான் ஏத்திக்கிட்டுப் போகமாட்டேன். எங்கயாவது உதறிட்டு வாங்க.”

சாவுக்குப் போனவர் வேறெங்காவது கால் வைத்துவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் செத்தவர் பின்னாலேயே வந்து வயிற்றுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். எங்கள் கிமாராஸ் தீவில் இது தெரியாதவர் இல்லை. எர்மினியாவுக்கும் தெரியும், அவசரத்தில் புத்தி வேலை செய்யவில்லை, அவ்வளவுதான்.

அவள் ஒரு ரொட்டிக் கடையில் ஒதுங்கினாள். ரொட்டி கரைந்தது, மழை நிற்கவில்லை. சந்தையில் ஒதுங்கினாள், கோயிலில் ஒதுங்கினாள். கடல் தாண்டினால் விடும் என்று யாரோ சொல்ல, பகோலோட்டுக்குக் கப்பல் ஏறினாள். அங்கிருந்து துமகெட்டே பஸ்ஸில் கடைசி இருக்கையைக் கொடுத்து, தண்ணீர் வடியட்டும் என்று நடத்துநர் பின்கதவைத் திறந்து வைத்தார். புயல் எச்சரிக்கை ஏறினால் கப்பல் ஓடாது. அந்த நாட்களில் மற்றவர்கள் துறைமுக பெஞ்சில் சுருண்டு படுக்க, அவள் மட்டும் நடந்துகொண்டே இருந்தாள். எச்சரிக்கை இறங்கியதும் எது முதலில் புறப்படுகிறதோ அதில் ஏறினாள். செபு போனாள், போஹோல் போனாள். போன இடமெல்லாம் சுமைகூலிகள் பூண்டு வாசனையை முகர்ந்து, “நம்ம கிறிஸ்புலோவா? என்னமா பாடுவான்!” என்றார்கள். வீட்டில் உப்புக் கேட்பதற்குக்கூட வாய் திறக்காத மனிதன். அவளுக்கு எரிச்சலாக வந்தது.

இருபதாம் நாள் சிகிஹோர் தீவில் இறங்கி, துறை ஓரத்துச் சாப்பாட்டுக் கடையில் நுழைந்தாள். மழை அவளை விட்டு விலகி, அடுப்பருகே இருந்த முக்காலி மேல் போய்ப் பெய்தது. கடைக்காரி பெர்லா பதறவில்லை. ஒரு பேசினை இழுத்து அடியில் வைத்தாள்.

“அங்கதான் உக்காருவாரு, மனாங்.”

“எத்தனை வருஷமா?”

“பதினாலு.”

எர்மினியா கேட்டாள்: “அடக்கத்துக்கு ஏன் வரல?”

“எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது? யாருன்னு கேட்டா என்ன சொல்றது?”

“முப்பது வருஷம் அவன் துணியைத் துவைச்சேன். கடைசியில அவனைக் கொண்டாந்து உன் வாசல்ல எறக்கி விடவும் நான்தான் கெடைச்சேனா?”

பெர்லா சோறு போட்டாள். பசி என்பதால் எர்மினியா சாப்பிட்டாள். பிறகு, “நீயே வச்சுக்கோ” என்று சொல்லிவிட்டு, மூன்று வாரத்தில் முதல் முறையாகக் காய்ந்த தலையோடு ஊர் திரும்பினாள். படகுக்காரன் மறுபேச்சில்லாமல் ஏற்றிக்கொண்டான்.

மகள் ஜோவலினுக்கு ஆண் குழந்தை பிறந்தது. குளிப்பாட்டும்போதுதான் தெரிந்தது, அவன் மேல் தண்ணீர் ஒட்டவில்லை. சேம்பு இலையில் ஓடுவதைப் போல உருண்டு ஓடியது. பத்தாம் நாள் காய்ச்சல் வந்தது. நெற்றியில் போட்ட ஈரத்துணியால் பயனில்லை, மருந்தும் கேட்கவில்லை. பிள்ளை போய்விடுமோ என்று பயந்து, கோயிலுக்குக் கொண்டுபோகும் முன் வீட்டிலேயே ஊற்றும் முதல் தண்ணீரை ஊற்றினார்கள். நாலு பேர் ஊற்றியும் உச்சந்தலை நனையவில்லை.

தாத்தாவை உதறியதால்தான் தண்ணீர் பேரனை ஒதுக்குகிறது என்று எர்மினியாவுக்குப் பட்டது. குழந்தையைத் துண்டில் சுற்றினாள்.

“எங்கம்மா தூக்கிட்டுப் போற?” என்றாள் ஜோவலின்.

“உங்கப்பன்கிட்ட.”

“அவர்கிட்டேருந்து காப்பாத்தத்தானே ஊர் ஊரா அலைஞ்ச?”

“ஆமா, அலைஞ்சேன். இப்ப வேற வழியில்ல. எந்திரிக்க முடிஞ்சா நீயும் வா.”

இரண்டு பேரும் சிகிஹோருக்குப் போனார்கள். எச்சரிக்கைக்கு முந்திய கடைசிக் கப்பல் அது. வழி நெடுகக் குழந்தை முனகிக்கொண்டே வந்தது. பெர்லா கடையில் மழை இன்னும் முக்காலி மேல்தான் பெய்துகொண்டிருந்தது. எர்மினியா துண்டை விலக்கினாள், குழந்தையின் தலையைப் பெர்லா தாங்கிக்கொண்டாள்.

“ஊர் சுத்தினது போதும். இவன் உன் பேரன். தொடறதுன்னா நல்லபடியாத் தொடு, இல்லேன்னா விட்டுடு” என்று மழையைப் பார்த்துச் சொன்னாள் எர்மினியா.

மழை முக்காலியிலிருந்து நகர்ந்து வந்து குழந்தையின் தலையை நனைத்தது. முடி படிந்தது. அவன் இரண்டு தும்மல் போட்டுவிட்டுத் தூங்கினான். சாயங்காலம் காய்ச்சல் இறங்கிவிட்டது. பெண்கள் மூவரும் அங்கேயே உட்கார்ந்து அழுதார்கள். பெர்லாவை யாரும் தடுக்கவில்லை.

அடுத்த மாதம் ஞானஸ்நானத்துக்குப் பெயர் எழுதும்போது, வீட்டில் முதல் தண்ணீர் ஊற்றியது யார் என்று வழக்கப்படி பாதிரியார் கேட்டார். தாத்தா என்றாள் எர்மினியா. இலோய்லோ போய்க் கிறிஸ்புலோவுக்கு இறுதிப் பூசை வைத்தவர் அந்தப் பாதிரியார்தான். அவர் பதிவேட்டில் அந்தப் பெயரை எழுதி, எழுத்து சரியாக இருக்கிறதா என்று அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.