இருபத்தாறு போன்களும் ராசம்மாவும்

அக்காவின் தலைமுடியை அவள் புருஷன் டிலக்சன் இடது கையில் சுற்றிப் பிடித்திருந்தான். வலது கையில் தேயிலை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி. கட்டிலில் அக்காவின் பை திறந்து கிடந்தது. திங்கட்கிழமை அவள் என்னோடு கலேவெலவுக்கு வருவதாக இருந்தது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. மூன்று வருஷமாகப் புருஷனிடம் அடி வாங்குகிறவளைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். பையைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது.

"எங்கடி போற? என்னைய விட்டுட்டு எங்க போற?"

அவள் முகத்தைக் கதவு நிலையில் மோதினான். பல் உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. எனக்குக் கேட்டதென்றால் லயம் முழுக்கக் கேட்டிருக்கும். வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்டத் தொழிலாளர் வீடுகள், பன்னிரண்டு காம்பராவுக்கும் ஒரே தகரக் கூரை. நடுச்சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. பக்கத்தில் யாரோ டிவியின் சத்தத்தைக் கூட்டினார்கள். மாலை ஆறு மணி. எல்லோரும் வீட்டில்தான் இருந்தார்கள்.

கலண்டரில் எழுதி வைத்திருந்த பொலிஸ் நம்பரை அழுத்தினேன். போகவில்லை. எப்படிப் போகும்? என்னுடையது டேட்டா மட்டும் உள்ள சிம், சாதாரண போன் அழைப்பு போகாது. கெம்பஸில் ஒன்லைன் வகுப்புக்கு வாங்கியது. போன மாதம் அக்காவின் சிம்மை அவன் அடுப்பில் போட்டபோதுகூட, "விடுக்கா, எல்லாம் வாட்ஸ்அப்ல வருது, கோல் எதுக்கு?" என்றேன். அவள் கொழுந்து பறித்துப் படிக்கவைத்த பட்டதாரி சொன்ன புத்தி இது. பொலிஸ் மேசையில் இருக்கிற பழைய போனுக்கு வாட்ஸ்அப் கிடையாது.

இருந்தாலும் போனைக் காதில் வைத்து, ஆள் கிடைத்த மாதிரி சிங்களத்தில் கத்தினேன்.

அவன் சிரித்தான். "யாருக்குடி படங்காட்டுற? 'வாட்ஸ்அப்ல எடுங்க, வாட்ஸ்அப்ல எடுங்க'ன்னு லயம் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவதானே நீ? ஒன் போன்ல கோல் போகாதுன்னு எனக்குத் தெரியாதா? இவள முடிச்சிட்டு ஒனக்கு வாறேன்."

கத்தி அக்காவின் தோளில் இறங்கியது.

"விஜி, நீ ஓடு" என்றாள்.

நான் ஓடவில்லை. வாட்ஸ்அப்பில் எங்கள் லயத்து குரூப்பைத் திறந்தேன். தோட்டத்து ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி அழகையா நடத்துவது. எந்த மலையில் கொழுந்து, எப்போது தண்ணீர் வரும், யார் செத்தார்கள், எல்லாம் அதில்தான் வரும். டிலக்சனையும் சேர்த்து இருபத்தாறு பேர். குரூப் கோலை அழுத்தினேன்.

முதலாம் காம்பராவில் ஒரு குத்துப்பாட்டு எழுந்தது. அடுத்ததில் முருகன் பாட்டு. பிறகு குழந்தைச் சிரிப்பு, நாதஸ்வரம், சேவல் கூவல். தகரத்துக்குக் கீழே மொத்தமும் அலறியது. ஒவ்வொருவராகக் கட் பண்ணினார்கள். நான் மறுபடி அழுத்தினேன். வீட்டில் இல்லை என்று இனி எவனும் நடிக்க முடியாது.

டிலக்சனின் காற்சட்டைப் பையிலும் அடித்தது. குரூப்பில் கங்காணி கூப்பிட்டால் உடனே எடுத்துப் பழகிய கை. தலைமுடியை விட்டுவிட்டுப் பைக்குள் போனது.

அடுப்படியில் கிடந்த விறகால் அவனுடைய வலது மணிக்கட்டில் அடித்தேன். கத்தி விழுந்தது. மறுபடி அடித்தேன். எலும்பு போனது. முழங்காலில் அடித்தேன். அவன் விழுந்த பிறகும் அடித்தேன். அதை நான் மறைக்கப் போவதில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது பக்கத்துக் காம்பரா ராசம்மா. வைத்திருப்பது பட்டன் போன், குரூப்பிலேயே இல்லாதவள்.

"எல்லா வீட்டுலயும் போன் அடிக்குதே, யாரு செத்தான்னு பாக்க..." என்றவள் அக்காவைக் கண்டதும் நிறுத்தினாள். கொடியில் கிடந்த துவாய்த் துண்டை இழுத்து அக்காவின் தோளில் வைத்து அழுத்தினாள்.

மற்றவர்கள் அவளுக்குப் பின்னால்தான் வந்தார்கள். அழகையா முன்னுக்கு வந்தார்.

"சரி, முடிஞ்சிச்சு. பொலிசு கிலிசுன்னு போவாதம்மா. படிச்ச புள்ள நீ. லயத்து மானம் போயிரும். காலையில கோயில்ல வச்சுப் பேசிக்குவோம்."

"கோல் போற போன் ஒண்ணு குடுங்க."

கையில் இருந்த போன்கள் எல்லாம் பைக்குள் போயின.

"மூணு வருசமா செவத்துக்கு அந்தப் பக்கம் ஒக்காந்து கேட்டீங்களே, அப்ப எங்க போயிருந்திச்சு மானம்?" என்றேன்.

ராசம்மா இரத்தக் கையோடு தன் போனை நீட்டினாள். "மூணாம் நம்பரு பட்டன் சரியா வேல செய்யாது. அமுக்கிப் புடி."

"ராசம்மா!" என்றார் அழகையா.

"நீ பேசாத கங்காணி. ஒன் வீட்டுல சேவல் கூவுனது எனக்குக் கேட்டிச்சு. நீதான் மொதல்ல கட் பண்ணுன."

பொலிஸ் நம்பரை அழுத்தினேன், மூன்று வந்த இடத்தில் அமுக்கிப் பிடித்தேன். மணி அடித்தது. எடுத்தார்கள். கத்தியை மிதித்தபடி, தோட்டத்தின் பெயர், லயம், அவன் பெயர், வெட்டுப்பட்டவள் பெயர், எல்லாவற்றையும் பன்னிரண்டு காம்பராவுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.