மகாதேவி எத்தனை அந்தர்?

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் வேட்டியில் பிறந்தது. ஐம்பத்தெட்டு வயதுவரை என் இடுப்பைச் சுற்றிவந்து ஒழுங்காகச் சந்தித்துக்கொண்டிருந்த வேட்டித் தலைப்புகள், ஒரு திங்கட்கிழமை காலை சந்திக்க மறுத்துவிட்டன. துவைத்துத் துவைத்துச் சுருங்கிப்போய்விட்டது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் வேட்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

அன்றே மேசைக்கு முன்னால் இருந்து ஒரு கதை எழுதத் தொடங்கினேன். முதல் வரி இது:

"அவர் ஒரு காலத்தில் மெலிந்தவராக இருந்தார், ஆனால்

இதற்கு மேல் பேனா ஓடவில்லை. 'ஆனால்' என்பதற்குப் பிறகு வரவேண்டியது என்னுடைய வயிறு. அதை ஊர் படிக்க எழுதிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே ஒரு காரியம் செய்தேன். என் வயிற்றைத் தூக்கி மகாதேவி என்ற ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். அவளுக்கும் வயதை ஐம்பத்தேழு என்று வைத்தேன், ஒரு வருடமாவது குறைத்தேனே என்ற ஆறுதலோடு. இது கோழைத்தனம்தான். எழுதுகிறவர்கள் எல்லோரும் செய்கிற கோழைத்தனம்.

2

மகாதேவியை எப்படி அறிமுகம் செய்வது?

முதல் தொடக்கம்: "அச்சுவேலியின் வெங்காயத் தோட்டங்களின் மேல் இளங்காலைப் பனி மெல்ல" — வெட்டிவிட்டேன். பனிக்கும் பருமனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இரண்டாம் தொடக்கம்: "இளமையில் பட்ட பசிதான் அவளை இப்படி" — இதுவும் பொய். மகாதேவி ஒருநாளும் பசி கிடந்தவள் அல்ல. நன்றாகச் சமைப்பாள், சமைத்ததை நன்றாகச் சாப்பிடுவாள், அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் ஒரு துயரக் காரணம் தேடுவது எங்களைப் போன்றவர்களின் பழக்கதோஷம்.

மூன்றாவது தொடக்கம் நின்றுவிட்டது. 1969, ஆவணி மாதம், செல்வச்சந்நிதி முருகன் கோயில் திருவிழா. மடத்தில் அன்னதானப் பந்தி முடிந்து பெண்கள் வரிசையில் எல்லோரும் எழும்பிவிட்டார்கள். மகாதேவி மட்டும் எழும்பவில்லை.

எழும்ப முடியவில்லை. சோறு பிசைந்த வலது கையை நிலத்தில் ஊன்றக் கூடாது. இடது கையை மட்டும் ஊன்றினாள். முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொரு தரம் ஊன்றினாள். அடுத்த பந்திக்கு ஆட்கள் வாசலில் காத்து நின்றார்கள். கடைசியில் இரண்டு பெண்கள் ஆளுக்கொரு தோளைப் பிடிக்க, மூன்றாவது ஒருத்தி பின்னால் நின்று தள்ள, மகாதேவி நிமிர்ந்தாள். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சேர்ந்து சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து கிணற்றடியில் முகம் கழுவியபோது சிரிப்பு போய்விட்டது. வந்தது வெட்கம் என்று எழுதியிருந்தேன், திருத்துகிறேன். வந்தது பயம். அவளுடைய மாமி, கணவரின் தாய், கடைசி ஏழு வருடம் படுக்கையில் கிடந்தவர். பாரமான மனுசி. தூக்கி இருத்தியதும் துடைத்ததும் திருப்பிப் படுக்க வைத்ததும் மகாதேவிதான். அந்த ஏழு வருடமும் மாமி தினமும் ஒரே ஒரு சொல்தான் சொன்னார்: "என்னை எழுப்பி விடு." இன்றைக்கு மடத்தில் மூன்று பேர். இன்னும் பத்து வருடத்தில் எத்தனை பேர்? அந்தச் சொல்லைத் தானும் சொல்லவேண்டி வருமோ என்று நினைத்தாள்.

இனி ஒருவரும் பிடிக்காமல் நிலத்திலிருந்து எழும்ப வேண்டும். மகாதேவிக்கு வேண்டியது இவ்வளவுதான். இந்தக் கதைக்கும் இவ்வளவுதான் வேண்டும்.

3

அவளுடைய கணவர் தில்லைநாதன் வெங்காய வியாபாரி. கொட்டிலில் பெரிய தராசு தொங்கும். அவர் சந்தைக்குப் போன ஒரு காலையில் மகாதேவி ஒரு தட்டில் படிக்கல்லை அடுக்கிவிட்டு மற்றத் தட்டில் ஏறி இருந்தாள். ஓர் அந்தருக்குத் தட்டு அசையவில்லை. இறங்கி அரை அந்தர்க் கல்லை வைத்தாள். அசையவில்லை. இறங்கிக் கால் அந்தர்க் கல்லையும் வைத்து மறுபடி ஏறினாள். இப்போதுதான் தட்டு அவளை நிலத்தைவிட்டுத் தூக்கியது. ஒன்றே முக்கால் அந்தர்.

(அடிக்குறிப்பு: ஓர் அந்தர் என்பது நூற்றுப் பன்னிரண்டு இறாத்தல், ஐம்பது கிலோவுக்குச் சற்றுக் கூட. வெங்காயமும் புகையிலையும் நிறுக்கிற கணக்கு. மனிதரை நிறுக்கிற கணக்கு அல்ல.)

அந்த நேரம் பார்த்துத் தில்லைநாதன் மறந்துபோன குடையை எடுக்கத் திரும்பி வந்துவிட்டார். பகிடி விடுவதில் மனிதர் கெட்டிக்காரர்.

"என்னப்பா, உம்மையும் கொழும்பு லொறியில ஏத்திறதோ?"

அவள் சிரிக்கவில்லை. முப்பத்தாறு வருடத்தில் அவருடைய பகிடிக்கு அவள் சிரிக்காதது அது முதல்தரம். அவர் குடையை எடுக்காமலே போய்விட்டார்.

4

இனி அவள் செய்த பிழையைச் சொல்லவேண்டும். வேறு ஊரில் பிறந்திருந்தால் இந்தப் பிழையை அவள் செய்திருக்க மாட்டாள்.

உடம்பைக் குறைக்க வேண்டுமென்றதும் மகாதேவி விரதம் பிடிக்கத் தொடங்கினாள். வெள்ளி ஏற்கெனவே உண்டு. திங்கள் சேர்ந்தது, பிரதோஷம் சேர்ந்தது. புரட்டாதிச் சனி, கேதாரகௌரி, கந்தசஷ்டி, திருவெம்பாவை என்று வந்ததில் ஒன்றையும் விடவில்லை. காலையில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. மத்தியானம் விரதச் சாப்பாடு. அது என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தலைவாழை இலை, சோறு, பருப்பு, நெய், கத்தரிக்காய்ப் பால்கறி, பூசணிக்காய், வாழைக்காய்ப் பொரியல், கீரை, அப்பளம், வடை, பாயாசம். விரதம் முடிகிற அன்று பாறணை என்று அதற்கு மேலும் இரண்டு கறி.

(இந்தப் பட்டியலை எழுதும்போது எழும்பிக் குசினிக்குப் போய் வந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள்.)

டொக்டர் நடக்கச் சொன்னார். நடந்தாள். அச்சுவேலியிலிருந்து தொண்டைமானாற்றுச் சந்நிதி வரை, வெள்ளிக்கு வெள்ளி, வெயிலில், நாலு மைல் அளவு. சந்நிதியில் கும்பிட்டு முடிய மடத்தில் அன்னதானம். முருகன் வாசலில் போடுகிற சோற்றை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? நடந்த களைப்புக்கு இரண்டாம் தரமும் சோறு வாங்கிவிட்டு, இரண்டு பேரின் கைபிடித்து எழும்பி, பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள்.

தை மாதம் தராசில் ஏறினாள். ஒன்றே முக்கால் அந்தரோடு ஏழு இறாத்தல் கல் ஒன்றும் கூட வைக்கவேண்டி வந்தது.

5

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் நம்பிக்கை விட்டுப்போயிற்று. கதையை எப்படியாவது முடித்துவிடப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: மகாதேவி தன் உடலை அப்படியே ஏற்றுக்கொள்கிறாள். "உடல் என்பது வெறும்" — வேண்டாம். அவள் கேட்டது அழகு அல்ல. எழும்பி நிற்கக் கேட்டாள்.

முடிவு இரண்டு: அவள் கிணற்றடியில் வழுக்கி விழுகிறாள். இடுப்பு எலும்பு. மாமி கிடந்த அதே கட்டில். கடைசி வரி, "என்னை எழுப்பி விடு." இதை நாலு பக்கம் எழுதினேன். உண்மையில் நன்றாக வந்திருந்தது. பத்திரிகைக்காரர்கள் உடனே போட்டிருப்பார்கள்.

பின்னேரம் தேத்தண்ணியோடு மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் முழுவதும் கேட்டாள்.

"உங்களுக்கு எழும்ப ஏலாட்டில் அவளையும் விழுத்த வேணுமோ?" என்றாள். "அவள் சந்நிதி மட்டுக்கும் நடக்கிறாள். நீங்கள் வாசல் படலை மட்டுக்கும் போறேல்லை."

நாலு பக்கத்தையும் கிழித்துவிட்டேன். இப்போது நீங்கள் படிப்பது அதற்குப் பிறகு எழுதியது.

6

மாசி மாதத்து வெள்ளி. மடத்தில் நல்ல கூட்டம். பெண்கள் வரிசைக்குப் பரிமாறுகிற இருவரில் ஒருத்தி காய்ச்சலில் வரவில்லை. மேற்பார்வை பார்க்கிற முத்துக்குமாரு என்ற வயதானவர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். இலை முன்னால் இருக்கப்போன மகாதேவி அந்த இலையைப் பார்த்தாள். இருந்தால் சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் இரண்டு பேர் தூக்க வேண்டும்.

"அண்ணை, நான் பந்தியில இருக்கேல்லை. அந்த வாளியைத் தாங்கோ."

முத்துக்குமாரு அவளை மேலும் கீழும் பார்த்தார். "பிள்ளை, இலைக்கு இலை குனிய வேணும்."

"குனிவன்."

ஒரு பந்தியில் நாற்பது இலை. ஏழாவது இலையில் மூச்சு வாங்கியது. பதினைந்தாவதில் சாம்பார் வாளியை வைத்துவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டாள். கண் இருட்டியது. அந்த இலைக்கு முன்னால் இருந்தவள் யார் என்று பார்த்தால், ஆவணியில் அவளைப் பின்னால் நின்று தள்ளிய அதே பெண். அவள் எழும்பப் பார்த்தாள். மகாதேவி, "நீங்கள் இருந்து சாப்பிடுங்கோ," என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கினாள்.

சாம்பார் முடியப் பூசணிக்காய், அது முடியப் பாயாசம், அது முடிய மோர். பிறகு அடுத்த பந்தி, அதற்கடுத்த பந்தி. பரிமாறுகிறவர்கள் கடைசிப் பந்தி எழும்பும்வரை வாயில் ஒன்றும் வைக்கக் கூடாது என்பது மடத்து ஒழுங்கு. கடைசியில் சட்டியில் மிஞ்சியது ஒரு கை சோறும் கொஞ்ச மோரும். இரண்டையும் கரைத்து நின்றபடியே குடித்தாள். அதுவே போதும்போல் இருந்தது.

(அடிக்குறிப்பு: எண்ணிப் பார்த்தேன். மூன்று பந்தி, நாற்பது இலை, நாலு வாளி. நானூற்று எண்பது தரம் குனிந்து நிமிர்ந்திருக்கிறாள். விரதம் பிடித்த ஆறு மாதமும் முருகன் இதைத்தான் காட்டிக்கொண்டிருந்தான் போலும். அவள் இலையைப் பார்த்தாள், வாளியைப் பார்க்கவில்லை.)

மறுநாள் மகாதேவியால் கட்டிலைவிட்டு அசைய முடியவில்லை. அடுத்த வெள்ளி போனாள். அதற்கடுத்த வெள்ளியும் போனாள். பங்குனிக்குள் ஞாயிறும் சேர்ந்தது. ஆனியில் திரும்பி வரும்போதும் பஸ் ஏறாமல் நடந்தாள்.

வீட்டிலும் அந்த ஒழுங்கையே கொண்டுவந்தாள். எல்லோரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு ஒரு கை சோறு. சமையலை மட்டும் குறைக்கவில்லை, அது அவளுடைய பெருமை. மிஞ்சிய வடைக்கும் பாயாசத்துக்கும் தில்லைநாதன் பொறுப்பேற்றுக்கொண்டார்.

7

ஏழு இறாத்தல் கல் சித்திரையில் தட்டைவிட்டு இறங்கியது. பிறகு கால் அந்தர்க் கல்லை எடுத்துவிட்டுச் சின்னக் கற்களை வைக்கிற நிலை வந்தது. ஒவ்வொரு மாதமும் ஒரு சின்னக் கல் குறைந்தது. ஆடியோடு மகாதேவி தராசில் ஏறுவதை நிறுத்திவிட்டாள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. கதைக்கு ஒரு தொகை வேண்டாமா? வாசகர் கேட்பாரே? அவளைத் தட்டில் ஏற்ற மூன்று வாக்கியம் தொடங்கினேன்:

"ஆவணி பிறந்த அன்று மகாதேவி கொட்டிலுக்குப்

"தில்லைநாதன் கல்லை அடுக்க, மகாதேவி

"இன்றைக்கு எத்தனை என்று பார்ப்போம் என்று

ஒன்றிலும் அவள் ஏறவில்லை. கொட்டிலைக் கடந்து படலையைத் திறந்துகொண்டு சந்நிதிக்கு நடந்துவிட்டாள். நான் பேனாவோடு பின்னால் போனேன்.

8

1970, ஆவணி, அதே திருவிழா, அதே மடம். தில்லைநாதனும் அன்று கூட வந்திருந்தார். கடைசிப் பந்தியில் ஆண்கள் வரிசையில் அவர் இருந்தார். பெண்கள் பக்கம் பரிமாறி முடித்த மகாதேவியை முத்துக்குமாரு கூப்பிட்டு, இன்றைக்கு இருந்து ஒரு பிடி சாப்பிடும் பிள்ளை என்று இலை போட்டார். போன வருடம் அவள் இருந்த அதே இடம். பக்கத்தில் தூண் இருக்கிறது. அந்தத் தூணை வைத்தவன் நான்தான். பயத்தில் வைத்தேன்.

சாப்பிட்டாள். இலையை மடித்தாள். சுற்றி நின்றவர்களுக்குப் போன வருடம் நினைவு வந்திருக்க வேண்டும், இரண்டு பேர் கையை நீட்டிக்கொண்டு கிட்ட வந்தார்கள்.

"ஒருத்தரும் பிடிக்க வேண்டாம்," என்றாள் மகாதேவி.

எச்சில் கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். இடது கையை ஊன்றினாள். ஒரு முழங்கால். மற்றப் பாதம். தூணைத் தொடவில்லை. எழும்பி நின்றாள்.

இந்த வரியை எழுதியபோது எனக்குக் கண் கலங்கியது. எழுத்தாளன் தன் கதைக்குத் தானே அழுவது நல்ல பழக்கம் இல்லை. ஆனால் அழுதேன், சந்தோசத்தில்.

கையைக் கழுவிவிட்டு மகாதேவி திரும்பிப் பார்த்தாள். ஆண்கள் வரிசையில் எல்லோரும் எழும்பிப் போயிருந்தார்கள். ஒருவர் மட்டும் மடித்த இலைக்கு முன்னால் இருந்து, இடது கையை ஊன்றுவதும் எடுப்பதுமாக இருந்தார். ஒரு வருடத்து வடையும் பாயாசமும் அவரைப் பிடித்து வைத்திருந்தன. மகாதேவி நேரே அவரிடம் போனாள்.

"இஞ்சாருங்கோ, கையைத் தாங்கோ."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இடது கையைக் கொடுத்தார். அவள் காலை அகட்டி வைத்து ஒரே இழுவையில் தூக்கி நிறுத்திவிட்டாள். தில்லைநாதன் மூச்சு வாங்கிக்கொண்டு அவளையே பார்த்தார். இந்தமுறை பகிடி இல்லை, உண்மையாகவே கேட்டார்.

"நீர் இப்ப எத்தினை அந்தர் மகாதேவி?"

"தூக்கினது எத்தினை எண்டு கேளுங்கோ," என்றாள் அவள்.

9

தொகை கேட்கிற வாசகர்களுக்காக இடம் விட்டிருக்கிறேன்:

மகாதேவியின் எடை: ............ அந்தர்.

நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். ஆனால் நிரப்புவதற்கு முன்னால் இந்தப் புத்தகத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு நிலத்தில் சப்பாணி கட்டி இருங்கள். வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, இடது கையை மட்டும் ஊன்றி எழும்பிப் பாருங்கள். நான் இன்று காலை பார்த்தேன். மனைவி கை கொடுக்க வந்தாள்.

என் வயிற்றை மகாதேவி திருப்பித் தந்துவிட்டாள், இனி அது என் பாடு. மிச்சத்தை எழுத எனக்கு நேரமில்லை. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படலையைத் திறக்கிறேன்.