மூன்று தோட்டம், ஒரே மேசை

ஒரே நாளில் மூன்று திராட்சைத் தோட்டம் காட்டுகிறேன் என்று ஒயினுக்குப் பேர்போன கக்கேத்தி வட்டாரத்துக்குப் பேருந்தைக் கிளப்பிய வழிகாட்டி நெஸ்தானுக்கு, முதல் தோட்டத்திலேயே பொழுது சாய்ந்தது. ஒயின் மேசையில் கோப்பை தூக்கிச் சொல்லும் வாழ்த்துரை முடியாமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். தோட்டக்காரர் பாத்ரியோ முடிப்பவராக இல்லை. தாய்நாட்டுக்கு, செத்துப்போனவர்களுக்கு, கடைசியில் பேருந்தின் டயருக்கும் கோப்பையைத் தூக்கிவிட்டார்.

“அண்ணே, அங்க ரெண்டாம் தோட்டத்துல ஜெமால் காத்துட்டிருப்பாரு!” என்று நெஸ்தான் கெஞ்சினாள்.

“அப்போ ஜெமாலுக்கு ஒண்ணு!”

ஆட்டுக்கறி ஆறிப்போன கடுப்பில், இரண்டாம் தோட்டத்து ஜெமால் சட்டியோடு வந்து நின்றார்.

“என் விருந்தாளிங்களை மடக்கி வச்சிருக்கியாடா, குடிகாரா?”

“உக்காருடா. உன்னைப் பத்திதான் பேசிட்டிருக்கேன்.”

தன்னைப் புகழும்போது எப்படித் திட்டுவது? உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் தோட்டத்து எலிசோவும் சண்டைக்கு வந்து இப்படித்தான் மாட்டிக்கொண்டாள்.

அதற்குள் பயணிகள் அத்தனை பேரும் மேசைமேல் குறட்டை. நெஸ்தானுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சுற்றுலா என்றால் சுற்றியே தீரவேண்டும் என்று, போதையில் தள்ளாடிய தோட்டக்காரர்கள் மூவரையும் பேருந்தில் ஏற்றினாள்.

நிலா வெளிச்சத்தில் ஜெமாலின் தோட்டத்தை ஒட்டி வண்டி திரும்பியதும், ஜெமால் சன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டார்.

“அடேயப்பா, என்னா அழகு! யாரு தோட்டம்மா இது?”

நெஸ்தான் வாயைத் திறப்பதற்குள் பாத்ரி கோப்பையைத் தூக்கினார்.

“யாரா இருந்தா என்ன? அந்த மகராசனுக்கு ஒண்ணு!”

ஜெமால் கண்கலங்கிக் குடித்தார்.